ரஷ்யன் தெரிந்தால் செக் சமாளிக்கலாமா? ஒரே ஒலி, வேறு பொருள்

கேள்வி, மார்ச் 3, 2024

என் மகள் சென்னையில் இரண்டு வருஷம் ரஷ்யன் படித்தாள். செப்டம்பரில் மேற்படிப்புக்கு ப்ராக் போகிறாள். ஸ்லாவிய மொழிகள் எல்லாம் அக்கா தங்கை மாதிரி, ரஷ்யன் தெரிந்தால் செக், போலிஷ், பல்கேரியன் எல்லாம் பாதி தெரிந்ததற்குச் சமம் என்று அவளுடைய ஆசிரியை சொல்கிறாராம். அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள், இது எவ்வளவு உண்மை?

மார்ச் 4

பாதி தெரியும் என்பது சரிதான். தெரியாத பாதியால் ஒரு கெடுதலும் வராது, அகராதியைப் புரட்டிக்கொள்ளலாம். தெரியும் என்று நாம் நம்புகிற பாதியில்தான் கால் இடறும்.

நான் ரஷ்யாவில் வோரோனெஷ் நகரத்தில் 6 வருஷம் படித்தேன். கனவே ரஷ்யனில் வருகிற அளவுக்குப் பழகிய பிறகு, செக் நாட்டில் பிர்னோ நகரத்துக்கு ஆய்வுக்கூட வேலைக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்து டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்: 'செர்ஸ்த்வீ ஹ்லேப்'. (முதல் எழுத்தைப் 'பச்சை'யில் வரும் ச்ச மாதிரி சொல்ல வேண்டும்.) ஹ்லேப் என்றால் ரொட்டி, அது ரஷ்யனிலும் உண்டு. 'சோர்ஸ்த்விய்' என்ற சொல்லும் ரஷ்யனில் உண்டு. ஆனால் அங்கே அது நேற்றைய ரொட்டி, காய்ந்து விறைத்துப்போனது. மனசு கல்லாகிப்போன ஆளையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள்.

பழைய ரொட்டியைப் பலகை வைத்து விற்கிற ஊர் இது என்று முடிவு செய்து, இரண்டு நாள் அடுத்த தெருவுக்கு நடந்தேன். மூன்றாம் நாள் நல்ல மழை. வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். அந்த அம்மா காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ரொட்டி கையைச் சுட்டது. அடிப்பக்கம் மாவு ஒட்டியிருந்தது, சீரகம் மாதிரி ஒரு வாசனை. செக்கில் செர்ஸ்த்வீ என்றால் புதியது, இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது.

இரண்டும் ஒரே சொல். பழைய ஸ்லாவியத்தில் இதற்கு 'உறுதியான, திடமான' என்று பொருள். திடமான ஆள், துடிப்பான ஆள், அப்புறம் புதுசு, என்று செக் ஒரு பக்கம் போனது. திடமான ரொட்டி, கடினமான ரொட்டி, அப்புறம் பழசு, என்று ரஷ்யன் இன்னொரு பக்கம் போனது. போலிஷில் இரண்டுமே இருக்கிறது: ரொட்டியைச் சொன்னால் காய்ந்தது, வயதானவரைச் சொன்னால் இன்னும் தெம்பாக இருப்பவர். நமக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. 'தாத்தா இன்னும் கெட்டியாத்தான் இருக்கார்' என்றால் பாராட்டு, 'இட்லி கெட்டியா இருக்கு' என்றால் புகார்.

மார்ச் 4, இரவு

எழுத மறந்தது. மகள் ப்ராக் ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் காதில் விழப்போகிற சொல் 'போஸோர்'. ரஷ்யன் படித்தவர்களுக்கு இது 'அவமானம், வெட்கக்கேடு'. செக்கில் வெறும் 'கவனம்'. நடைமேடை, சாலைத் தடுப்பு, நாய் இருக்கிற வீட்டு வாசல் எல்லா இடத்திலும் இருக்கும்.

'ஸோர்' என்பது பார்ப்பது. பழைய ஸ்லாவியத்தில் போஸோர் என்றால் காட்சி. செர்பியனில் நாடக அரங்கத்துக்குப் 'போஸோரிஷ்தே' என்று பெயர், காட்சி நடக்கும் இடம். செக்காரர்கள் 'பார்' என்பதை 'பார்த்துப் போ' என்று எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் குற்றவாளியைக் கம்பத்தில் கட்டி ஊர் பார்க்க நிறுத்துகிற வழக்கம் இருந்தது. நாலு பேர் பார்க்க நிற்பதுதான் அங்கே போஸோர் ஆனது.

மார்ச் 6

சாப்பாட்டு விஷயத்திலும் இது வரும் என்பதற்கு ஒன்று. ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு நாள் தங்கள் ஊர்ச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். நான் முதல் நாள் இரவே பருப்பு ஊறவைத்து, ஊரிலிருந்து வந்த சாம்பார்பொடி கடைசிக் கரண்டி வரை போட்டு, முருங்கைக்காய் கிடைக்காததால் கேரட்டும் வெங்காயமும் போட்டு சாம்பார் வைத்தேன். எங்கள் பிரிவுத் தலைவி ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். 'ஊஷஸ்னே!' என்றார்.

ரஷ்யனில் 'உஷாஸ்னி' என்றால் படுமோசம், கொடூரம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டபோதுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. செக்கில் அது 'பிரமாதம்'.

மூலச்சொல் அச்சத்தைக் குறிப்பது. ரஷ்யனில் 'உஷஸ்' இன்றும் பேரச்சம்தான். செக்கில் அச்சத்தால் வாயடைத்து நிற்பது மெல்ல வியந்து நிற்பதாக மாறியது. 'பயங்கர டேஸ்ட்டு' என்று நம் பிள்ளைகள் சொல்வதும் இதே வழிதான், செக்காரர்கள் நமக்கு முன்பே போய்விட்டார்கள்.

மார்ச் 7

மேலே ஒருவர் 'உஷஸ் என்றால் நம் வேதத்து விடியல் தேவதை அல்லவா, விடியலைக் கண்டு வியந்ததுதான் செக் சொல்' என்று எழுதியிருக்கிறார். இல்லை. ரஷ்யச் சொல்லில் 'உ' என்பது முன்னொட்டு, மீதி 'ஷஸ்'தான் வேர். ஒலி ஒன்றாக விழுந்தது தற்செயல். வேத உஷஸுக்கு அந்தப் பக்கத்தில் உண்மையான உறவு வேண்டுமென்றால் ஸ்லாவிய நாடுகளுக்கு அடுத்த வீட்டில், லிதுவேனியாவில் இருக்கிறது: 'அவுஷ்ரா', விடியல். காதுக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை, ஆனால் இதுதான் சொந்தம். இழை முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 9

வாசனை. இதற்காகவே ஒரு நாள் ஒதுக்கி எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நம்முடைய சொல்லும் அதே பாதையில் நடந்திருக்கிறது.

பிர்னோவில் சோப்பு வாங்கப் போனால் உறையில் 'வோன்யாவே' என்று போட்டிருக்கும். வாசனைத் திரவியத்துக்குச் செக்கில் 'வோன்யாவ்கா'. ரஷ்யனில் 'வோன்' என்றால் துர்நாற்றம், 'வன்யாத்' என்றால் மூக்கைப் பிடிக்கவைப்பது. வோரோனெஷிலிருந்து வந்த யாருக்கும் அந்த சோப்பைக் கையில் எடுக்க மனசு வராது. போலிஷில் 'வோன்' நறுமணம், அதிலும் கொஞ்சம் கவிதைத்தனமான நறுமணம்.

பழைய ஸ்லாவியத்தில் அது வெறும் மணம், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. ரஷ்யனிலேயே அந்தப் பழம்பொருள் ஒரு மூலையில் பத்திரமாக இருக்கிறது: 'பிளகவோனியெ' என்றால் நறுமணம், சாம்பிராணிக்குச் சொல்வது. 'பிளக' நல்ல, 'வோனியெ' மணம். இன்னும் பின்னால் போனால் 'மூச்சுவிடு' என்ற வேரில் முடிகிறது. சமஸ்கிருதத்தில் 'அன்' என்றால் மூச்சுவிடு. பிராணன், அநிலம் இரண்டும் அதிலிருந்து வந்தவை.

நம் 'நாற்றம்' என்ன ஆனது என்று பாருங்கள். குறளில் ஐம்புலன்களைச் சொல்லும்போது 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்று வருகிறது, அங்கே அது மணம். 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டது பெருமாளின் வாய் மணத்தை. இன்று யாரிடமாவது 'உங்கள் வீட்டில் நாறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள். ரஷ்யன் போன வழி நாம் போன வழி. மலையாளத்திலும் நாற்றம் கெட்டுத்தான் போனது. செக்கும் போலிஷும் மட்டும் அந்தச் சொல்லைக் கெடவிடாமல் வைத்திருக்கின்றன.

மார்ச் 10

நேற்று கடைசி வரியில் அவசரப்பட்டேன். செக் எதையும் கெடவிடவில்லை என்பது மாதிரி எழுதிவிட்டேன். தூங்கப்போகும்போது 'பாஹ்' என்ற இன்னொரு வேர் நினைவுக்கு வந்தது. போலிஷில் 'பாஹ்னியேச்' என்றால் மணக்கிறது. ரஷ்யனில் 'பாஹ்நுத்' பொதுவாக வாசனை வருவது, நல்லதாகவும் இருக்கலாம் கெட்டதாகவும் இருக்கலாம். செக்கில் 'பாஹ்நோத்' என்றால் நாறுகிறது. ஆக 'வோன்'னைக் காப்பாற்றிய செக் 'பாஹ்'னைக் கெடுத்துவிட்டது, 'வோன்'னைக் கெடுத்த ரஷ்யன் 'பாஹ்'னை நடுவில் வைத்திருக்கிறது, போலிஷ் இரண்டையும் மணக்க வைத்திருக்கிறது. மூன்று ஊர்க்காரர்கள் ஒரே அறையில் ஒரு பூவைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும்.

மார்ச் 11

என் அறைத்தோழி கிராக்கோவ்காரி. அவள் வந்த முதல் நாள் மாலை வீட்டுக்காரப் பாட்டியிடம், தனக்குத் தெரிந்த போலிஷ் சொல்லையே செக் மாதிரி இழுத்து, 'ஸ்க்லெப்' போகணும் என்றாள். போலிஷில் ஸ்க்லெப் என்றால் கடை. பாட்டி தலையாட்டிவிட்டு உள்ளே போய் நிலவறைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு டார்ச் விளக்கோடு. செக்கில் ஸ்க்லெப் என்றால் நிலவறை. பக்கத்தில் நின்ற எனக்கு முதுகில் சில்லென்றது, ரஷ்யனில் ஸ்க்லெப் என்றால் பிணத்தை வைக்கும் கல்லறை அறை.

வேர் 'வளைவான கூரை போட்ட அறை'. பழைய நகரங்களில் கடைகள் அந்த மாதிரி வளைகூரை அறைகளில்தான் இருந்தன. போலிஷில் உள்ளே இருந்த கடை நின்றது, செக்கில் அறை நின்றது, ரஷ்யனில் உள்ளே படுத்திருந்தவர் நின்றார்.

மார்ச் 15

'இதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம், நமக்கு என்ன சம்பந்தம்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சமையலறைக்கு வாருங்கள்.

குளிர்காலத்தில் சளிக்கு இஞ்சி போட்டுத் தேநீர் வைப்பேன். அறைத்தோழி அதை 'இம்பிர்' என்பாள். ரஷ்யனிலும் 'இம்பீர்'தான். ஹங்கேரியனில் 'ஜ்யோம்பேர்', குரோவேஷியனில் 'ஜும்பிர்'. இதெல்லாம் நம் இஞ்சிவேர். தென்னிந்திய மொழிகளில் இருந்த இஞ்சி, வேர் இரண்டும் சேர்ந்த சொல் பாலியில் 'சிங்கிவேர' ஆனது, சமஸ்கிருதத்தில் 'ச்ருங்கவேர' ஆனது. 'ச்ருங்கம்' என்றால் கொம்பு, இஞ்சி கொம்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று பிற்பாடு காரணம் சொன்னார்கள். கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஸிங்கிபெர்', ஜெர்மனில் 'இங்வெர்', அதிலிருந்து இம்பிர். அரபி 'ஸஞ்சபீல்' இன்னொரு கிளை. அது துருக்கி வழியாகப் பல்கேரியாவுக்குப் போய் 'ஜிஞ்சிஃபில்' ஆகிவிட்டது. ஜிஞ்சிஃபிலும் இம்பிரும் ஒன்று என்று பல்கேரியருக்கும் போலந்துக்காரருக்கும் காதை வைத்துச் சொல்ல முடியாது.

சர்க்கரை இன்னும் அழகு. சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் முதலில் பொடிக்கல், பருமணல். அதிலிருந்து மணல் மணலாக இருக்கிற இனிப்புக்கும் பெயர் ஆனது. அந்தப் பெயர் மூன்று வாசல் வழியாக ஸ்லாவிய நாடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. கிரேக்கத்தின் வழி வந்தது ரஷ்யனில் 'சாஹர்', பல்கேரியனில் 'ஸாஹர்'. அரபி, இத்தாலி, ஜெர்மன் என்று சுற்றி வந்தது செக்கில் 'த்ஸுக்ர்', போலிஷில் 'த்ஸுக்யெர்', உக்ரைனியனில் 'த்ஸுகோர்'. துருக்கியின் 'ஷெக்கெர்' வழியே வந்தது செர்பியனில் 'ஷெச்செர்'. ரஷ்யனும் உக்ரைனியனும் இவ்வளவு நெருக்கம், ஆனால் சர்க்கரையை வேறு வேறு வியாபாரியிடம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாடு எந்தத் துறைமுகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது இந்த ஒரு சொல்லில் தெரிகிறது.

பிர்னோ சமையலறையில் சர்க்கரை டப்பா மேல் நான் தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். தோழி அது என்ன என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். 'த்ஸுக்யெர், சர்க்கரை, த்ஸுக்யெர்' என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தாள். மணல்தான் என்றாள்.

மார்ச் 16

மிளகு பற்றிக் கேட்டவருக்கு: ரஷ்யன் 'பேரெத்ஸ்', போலிஷ் 'பியெப்ஷ்', செக் 'பெப்ர்ஷ்' எல்லாம் லத்தீன் 'பிபெர்' வழி, அது கிரேக்கத்தின் வழி, அது நம் பக்கத்துப் 'பிப்பலி' வழி. பிப்பலி என்றால் திப்பிலி. திப்பிலியின் பெயரை மிளகுக்கு வைத்துவிட்டார்கள். ஹங்கேரியின் 'பாப்ரிகா'வும் செர்பிய, குரோவேஷிய 'பாப்பர்' என்ற மிளகுச் சொல்லிலிருந்து பிறந்ததே. ரஷ்யாவின் 'ப்ரியானிக்', தேனும் மசாலாவும் போட்ட அந்த இனிப்பு ரொட்டி, பழைய உச்சரிப்பில் 'மிளகு போட்டது' என்ற பொருள் கொண்டது.

மார்ச் 22

நாற்காலி, மேசை. இது கொஞ்சம் சிக்கல், நிதானமாகப் படியுங்கள்.

ரஷ்யனில் 'ஸ்தோல்' மேசை, 'ஸ்தூல்' நாற்காலி. செக்கில் 'ஸ்தூல்' மேசை. பல்கேரியனில் 'ஸ்தோல்' நாற்காலி, ஸ்லோவேனியனிலும் அதே. ஆக, ரஷ்யன் தெரிந்தவர் ப்ராகில் நாற்காலி கேட்டால் மேசையைக் காட்டுவார்கள், சோஃபியாவில் மேசை கேட்டால் நாற்காலியைக் காட்டுவார்கள். ஹங்கேரியர்கள் ஸ்லாவியர்களிடம் அந்தச் சொல்லை வாங்கி 'அஸ்தல்' ஆக்கிக்கொண்டார்கள், மேசை என்ற பொருளில். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் அவர்களுக்கு ஒரு காலத்தில் வாயில் நுழையாது, முன்னால் ஓர் உயிர் போட்டுக்கொள்வார்கள். நாம் 'ஸ்கூலை' 'இஸ்கூல்' என்கிறோமே, அந்த மாதிரி.

சரி, பல்கேரியர்கள் மேசையை என்ன சொல்கிறார்கள்? 'மாசா'. ஸ்லோவேனியர்கள்? 'மீசா'. நம் 'மேசை' ஞாபகம் வருகிறதா? வர வேண்டும், மூன்றும் லத்தீன் 'மென்சா'வின் பிள்ளைகள். நமக்கு அது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'மேசா'. கொச்சிப் பக்கம் இறங்கிய கப்பல் இல்லையென்றால் நாம் வேறு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்போம்.

'திவான்' என்று ஒன்று இருக்கிறது. பாரசீகத்தில் முதலில் கணக்குப் பதிவேடு, அப்புறம் அந்தப் பதிவேடு இருக்கும் அலுவலகம், அப்புறம் அரசவை, அரசவையில் சுவரோரம் போட்ட மெத்தை ஆசனம். ரஷ்யனில் திவான் என்றால் சோஃபா. போலிஷில் 'திவான்' என்றால் கம்பளம். தோழி என்னிடம் 'திவானைச் சுத்தம் செய்துவிட்டேன்' என்றபோது நான் சோஃபாவைப் பார்த்தேன், அதில் அவள் நேற்றுச் சிந்திய மாவு அப்படியே இருந்தது. நமக்கோ புதுக்கோட்டை திவான், திருவாங்கூர் திவான் என்று அது மந்திரி. கடைகளில் விற்கிற திவான் கட்டிலும் உண்டு. செர்பியனில் 'திவான்' என்றால் 'அருமையான' என்றும் ஒரு பொருள் உண்டு. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், 'தீவ்' என்ற ஸ்லாவிய வேரிலிருந்து வந்த தனிச் சொல் அது, வியப்பு என்று பொருள்.

மார்ச் 23

நேற்று ரஷ்யன் ஸ்தோலையும் ஸ்தூலையும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து வைத்துவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். ஸ்தோல் ஸ்லாவியத்தின் சொந்தச் சொல், 'விரி, பரப்பு' என்ற வேரோடு அதைச் சேர்ப்பார்கள். ஸ்தூல் ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த விருந்தாளி. ஜெர்மனில் இன்றும் நாற்காலி 'ஷ்தூல்'தான், வேர் 'நில்'. செக்கின் ஸ்தூல் ரஷ்யனின் ஸ்தோல், நடுவில் உயிர் மட்டும் மாறியது. ஆக ஒலியில் ஒட்டிப்பிறந்தவை போல இருக்கிற ரஷ்யன் ஸ்தூலும் செக் ஸ்தூலும் வேறு வேறு குடும்பம்.

ஏப்ரல் 2

கிழமைகள். இதில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு.

கீழ்வீட்டு அம்மா 'நெட்யெலி'யில் காபி குடிக்க வா என்றார். ரஷ்யனில் 'நிட்யேலியா' என்றால் வாரம். வாரத்தில் ஒரு நாள் வா என்கிறார் என்று புரிந்துகொண்டு புதன்கிழமை சாயந்திரம் போய்க் கதவைத் தட்டினேன். சமையல் ஏப்ரனோடு, கை முழுக்க மாவோடு வந்து கதவைத் திறந்தார். செக்கில் அது ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே உட்காரவைத்து, பிளம் பழம் வைத்த கொலாச் இரண்டு கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வரச் சொன்னார்.

'நெ' இல்லை, 'தேல்' வேலை. வேலை இல்லாத நாள். எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் முதலில் இது ஞாயிறுதான். ரஷ்யர்கள் ஞாயிற்றுக்கு 'உயிர்த்தெழுதல்' என்று புதுப் பெயர் வைத்துவிட்டு, பழைய பெயரை முழு வாரத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் திங்கட்கிழமை அங்கேயும் 'பனிட்யேல்னிக்' தான், 'ஞாயிற்றுக்கு அடுத்தது'. பழைய பொருளின் சாட்சி அதில் உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய் 'இரண்டாவது', வியாழன் 'நான்காவது', வெள்ளி 'ஐந்தாவது'. அப்படியானால் புதன் 'மூன்றாவது' என்று இருக்க வேண்டும். இல்லை, அது 'நடு'. திங்களிலிருந்து எண்ணினால் ஏழு நாளில் நடு வியாழன். ஞாயிற்றிலிருந்து எண்ணினால்தான் புதன் நடுவில் வரும். ஒரே வரிசையில் இரண்டு கணக்கு. ஜெர்மனிலும் புதன் 'வாரநடு'தான்.

இந்த நாட்களை ஹங்கேரியர்கள் வாங்கியது இன்னொரு கதை. வெள்ளி அவர்களுக்குப் 'பேந்தெக்', சனி 'சொம்பத்'. ரஷ்யனில் 'பியாத்னித்ஸா', 'சுபோத்தா'. ஹங்கேரியனில் மட்டும் ந்தும் ம்பும் எங்கிருந்து வந்தன? ஸ்லாவியத்தில் ஒரு காலத்தில் மூக்கொலி உயிர்கள் இருந்தன. ரஷ்யனில் அவை மறைந்துவிட்டன, போலிஷில் இன்னும் பாதி இருக்கின்றன. ஹங்கேரியர்கள் வாங்கிய சமயத்தில் மூக்கொலி இருந்தது, அதை அப்படியே உறையவைத்துவிட்டார்கள். ஐந்து என்பதற்கான 'பஞ்ச'வில் இருக்கிற ஞ், பேந்தெக்கில் இருக்கிற ந், இரண்டும் ஒரே பழைய ஒலியின் மிச்சம். அவர்கள் ஞாயிறு 'வசார்னப்', சந்தை நாள். அந்த 'வாசார்' ஈரானியப் பக்கத்திலிருந்து வந்தது, நம் 'பஜார்' அதன் உடன்பிறப்பு.

ஏப்ரல் 3

மாதங்களை விட்டுவிட்டேன். 'லிஸ்தொபாத்' என்றால் இலையுதிர்வு. செக், போலிஷ், உக்ரைனியன் மூன்றிலும் அது நவம்பர். குரோவேஷியனில் அக்டோபர். ஸாக்ரெப்பிலிருந்து கூட்டத்துக்குத் தேதி எழுதி அனுப்பினால் இதை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அரிவாள் மாதமும் அப்படியே: குரோவேஷியனில் ஜூலை, செக்கிலும் போலிஷிலும் ஆகஸ்டு. தெற்கே கதிர் முன்னால் முற்றிவிடும், அவ்வளவுதான்.

'செர்வென்' செக்கில் ஜூன். 'செர்வ்' புழு. சாயப்பூச்சி சேகரிக்கிற மாதம், அந்தப் பூச்சியை நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள், அதனால் சிவப்புக்கும் அதே பெயர். நம் 'கிருமி' இந்தச் செர்வுக்கு நேர் உறவு. கிருமி என்றதும் நமக்குக் காய்ச்சல்தான் ஞாபகம் வருகிறது, அவர்களுக்கு ஜூன் மாதமும் சிவப்புத் துணியும்.

ஏப்ரல் 5

'ஹங்கேரியனில் அப்பாவுக்கு அப்பா என்றே சொல்கிறார்கள், ஆகவே அவர்கள் தமிழர்' என்ற பதிவுக்கு. ஆமாம், 'அபா' என்றால் தந்தை. ஆனால் குழந்தைக்கு முதலில் வருகிற ஒலிகள் ப, ம, த. எந்த ஊர்க் குழந்தையும் அதையே உளறும், கேட்கிற பெரியவர்கள் தனக்கு வேண்டிய பொருளை வைத்துக்கொள்வார்கள். ஜார்ஜியனில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. கருங்கடலுக்கு வடக்கே ரஷ்யனில் 'தேத்' தாத்தா. 'பாபா' பல்கேரியனில் பாட்டி, எல்லை தாண்டித் துருக்கியில் அப்பா. தமிழின் பெருமைக்கு இஞ்சிவேர் போதும், அது நிற்கும்.

ஏப்ரல் 10

சின்னது. செக்கில் ஆமாம் என்பதற்கு 'ஆனோ', பேச்சில் சுருக்கி 'நோ'. 'நோ நோ நோ' என்று தொலைபேசியில் சொன்னால் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறார் என்று அர்த்தம். அதே மாதிரி கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம், பக்கத்துப் பல்கேரியாவில் 'நே' என்றால் இல்லை.

ஏப்ரல் 18

தோழியின் அம்மா கிராக்கோவிலிருந்து வந்திருந்தார். என் பாட்டியின் கல்யாணப் படத்தைப் பார்த்து 'உரோதா' என்று ஏதோ சொன்னார். ரஷ்யனில் 'உரோத்' என்றால் அவலட்சணமான ஆள், திட்டும்கூட. படத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். தோழிதான் ஓடிவந்து சொன்னாள், போலிஷில் உரோதா என்றால் அழகு.

'ரோத்' பிறப்பு. பிறந்தபடியே வாய்த்த தோற்றம், அது போலிஷில் அழகு ஆனது. செக்கில் 'ஊரோதா' விளைச்சல். ரஷ்யனில் அதே 'பிறந்தபடி' கோணல் ஆகிவிட்டது.

ஏப்ரல் 20

மேலே கடைசி வரி தவறு, அடித்துவிடாமல் வைக்கிறேன். ரஷ்யன் உரோத்தின் 'உ' வேறு. பழைய ஸ்லாவியத்தில் அது மூக்கொலியோடு வந்த மறுப்பு முன்னொட்டு: பிறப்பு சரியில்லாதது. ரஷ்யனில் மூக்கொலி மறைந்தபோது அது வெறும் 'உ' ஆகி, போலிஷின் 'உ'வோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. ரஷ்யனில் கடவுளின் பித்தனாகத் திரிகிற சாமியாரை 'யுரோதிவிய்' என்பார்கள், அதே சொல்லின் இன்னொரு வடிவம். ஏப்ரல் 2 குறிப்பில் பேந்தெக், சொம்பத் பற்றி எழுதினேனே, அதே மூக்கொலிதான் இங்கேயும் ஆளை ஏமாற்றியிருக்கிறது. வேர் ஒன்று, முன்னொட்டு இரண்டு. பாட்டியின் படத்தை மறுபடி கூடத்தில் மாட்டினேன்.

அக்டோபர் 1

கேள்வி கேட்ட அம்மா ப்ராகிலிருந்து மகள் அனுப்பிய படத்தைப் போட்டிருக்கிறார்: கடைவாசலில் 'போத்ரவினி' என்று பச்சைப் பலகை. 'அம்மா, இங்கே தெருவுக்குத் தெரு விஷம் விற்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாள்.

ரஷ்யனில் 'அத்ராவா' விஷம், 'த்ரவீத்' விஷம் வைப்பது. அவள் பயந்தது நியாயம். போத்ரவினி என்றால் மளிகை. வேரில் இருப்பது 'தின்னவை, தீர்த்துவிடு'. தின்னவைத்தால் செரிக்கும்: செக்கில் 'த்ராவித்' என்றால் செரிப்பது, பொழுதைக் கழிப்பதும் அதுவே. போலிஷில் 'போத்ராவா' என்றால் ஒரு பதார்த்தம். எலிக்கும் ஓநாய்க்கும் தின்னவைத்தது ரஷ்யனில் நின்றது. செக்கிலும் 'ஓத்ராவித்' என்று முன்னொட்டை மாற்றினால் விஷம்தான், ஆகவே அவள் முன்னொட்டைக் கவனிக்கட்டும்.

அந்தக் கடையில் 'ஓவோத்ஸெ' என்ற பலகைக்குக் கீழே தக்காளி தேட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ரஷ்யன் 'ஓவஷி' காய்கறி, செக்கில் அது பழம். தக்காளி பக்கத்தில் 'ஸெலெனினா'வில் இருக்கும். இஞ்சியும் அங்கேதான், செக்கில் 'ஸாஸ்வோர்' என்று கேட்கச் சொல்லுங்கள்.